எங்கள் தெருவுக்கும் டயாலிசிஸ் சென்டருக்கும் ஒரு நன்றி மடல்

அன்பானவர்களுக்கு வணக்கம்.

நான் சென்னை புளியந்தோப்பில் ஜாக்கெட் தைக்கிறவள். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் ஆரம்பித்து இந்த மாதத்தோடு ஏழு வருஷம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி காலையில் நான்கு மணி நேரம். செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொள்கிறது. அது இல்லையென்றால் ஏழு வருஷம் என்ற பேச்சே இல்லை. ஆனால் மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்பிவிடும், அவ்வளவுதான். அப்புறம் இருக்கிற நாளெல்லாம் எனக்கு நீங்கள் கொடுத்தது.

முதலில் டெக்னீஷியன் தம்பிக்கு. ஊசி குத்துவதற்கு முன் இடது கை பிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இரண்டு விரலை வைத்து, உள்ளே ரத்தம் விர்ரென்று ஓடுகிறதா என்று கண்ணை மூடிப் பார்ப்பீர்கள். ஒருநாள் அந்த அதிர்வு குறைந்திருப்பதைக் கண்டுபிடித்து, அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பினீர்கள். அடைத்துப்போகாமல் அந்தக் கையைக் காப்பாற்றியது உங்கள் விரல்தான்.

முன்பு வேலை பார்த்த இடத்தில், வாரம் மூன்று நாள் வராதவள் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். வெட்டிய துணியை வீட்டுக்கே கொடுத்தனுப்பி, கூலியில் ஒரு ரூபாய் குறைக்காத கடை அக்காவுக்கு என் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

எதிர்வீட்டு அத்தை எனக்கென்று உருளைக்கிழங்கைத் தனியாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பொரியல் செய்வார். எனக்கு அதிகம் சேரக் கூடாத பொட்டாசியம் என்ற உப்புச்சத்தின் பெயரை என் டயட் சீட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். நான் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால், மே மாத வெயிலில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது ஒரே ஒரு ஐஸ் துண்டைக் கிண்ணத்தில் கொண்டுவந்து தருவார். ‘கொஞ்சம் குடித்தால் என்ன’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடித்து வந்தவள், திங்கட்கிழமை போக முடியவில்லை. எனக்குச் சிறுநீர் போவதில்லை. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். செவ்வாய் விடிவதற்குள் படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தேன். தெருப் பிள்ளைகள் நாலு பேர் மீன்பாடி வண்டியைக் கொண்டுவந்தார்கள். பிஸ்டுலா கையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, இடுப்பளவுத் தண்ணீரில் மெயின் ரோடு வரை தள்ளினார்கள். அங்கே ஆட்டோ அண்ணன் காத்திருந்தார், காசு வாங்கவில்லை. சென்டரில் டெக்னீஷியன் தம்பி முதல் நாளிலிருந்து வீட்டுக்கே போகாமல் இருந்தார். எடை நாலு கிலோ ஏறியிருந்தது.

பிள்ளைகளே, அன்றைக்கு வண்டியிலிருந்து இறங்கும்போது உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூட எனக்கு மூச்சு இல்லை. இப்போது சொல்கிறேன், நன்றிடா கண்ணுங்களா. பொங்கலுக்கு உங்கள் நாலு பேருக்கும் சட்டை தைக்கப்போகிறேன். அளவு கொடுக்க வீட்டுக்கு வாருங்கள். செவ்வாய், வியாழன், சனி நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் தையல்கார அக்கா