சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இன்று செப்டம்பர் 30. குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, கனடாவின் உறைவிடப் பள்ளிகளில் சிக்கிய பழங்குடிப் பிள்ளைகளை அந்நாடு நினைவுகூரும் நாள். 2019இல் வான்கூவர் அருங்காட்சியகத்தில் பாதியில் நின்ற நம் பேச்சை இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று முடிவெடுத்தே எழுதுகிறேன்.

அத்தகைய பள்ளிகளில் ஒன்றான அல்பெர்னி பள்ளிப் பிள்ளைகளின் ஓவியங்களுக்கு முன்னால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தூரிகை தாளைவிட்டு எழும்பிய இடத்தை விரல் படாமல் எனக்குக் காட்டினீர்கள். அந்தக் கணத்தில் உங்கள்மீது எனக்கு அத்தனை பிரியம். அடுத்த மூச்சிலேயே, "இப்படிப் பளிச்சென்று வரைந்த பிள்ளைகள் அங்கே சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்" என்றீர்கள். உங்களைத் தனியே விட்டு நான் வெளியேறியது மரியாதைக் குறைவுதான், மன்னியுங்கள். ஆனால் நின்றிருந்தால் அதைவிடக் கடுமையாகப் பேசியிருப்பேன். நம் உறவினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், பிறகு காரில் நடந்ததை இங்கே எழுதவில்லை.

அந்த நிறங்களைப் பள்ளிக்கான நற்சான்றாக எப்படிக் கொண்டீர்கள்? 1959 முதல் வெளியிலிருந்து தன்னார்வலராக வந்து அங்கே ஓவியம் கற்பித்த ராபர்ட் ஆலர், தங்கள் நினைவிலிருப்பதை வரையுமாறு பிள்ளைகளை விட்டார். அவர் வகுப்புக்கு வெளியே இருந்ததும் அதே பள்ளிதான். அவர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சத்துணவு ஆய்வு என்ற பெயரில், பிள்ளைகளுக்குத் தேவையான பாலில் பாதிகூடக் கொடுக்காமல் 2 ஆண்டுகள் வைத்திருந்த பள்ளி. விடுதிக் கண்காணிப்பாளராக இருந்தவர் பிள்ளைகளிடம் நடத்திய பாலியல் கொடுமைக்காக 1995இல் சிறைத்தண்டனை பெற்ற பள்ளி. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளோடு பழகிய உங்களுக்கு, வதைபடும் குழந்தையும் மஞ்சளைத் தொட்டு வரையும் என்பது தெரியாதா?

என் கிறுக்கல்களைக்கூட நீங்கள் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தீர்கள். ஆலரும் வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பின் குடும்பத்தினர் 2009இல் விக்டோரியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த தொகுப்பில் இந்த ஓவியங்கள் இருந்தன. வரைந்தவர்களைத் தேடி 2013இல் பள்ளி இருந்த போர்ட் அல்பெர்னியிலேயே ஒப்படைத்தார்கள். சிலர் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள், சிலர் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பிலேயே விட்டார்கள். முடிவு அவர்களுடையதாக இருந்தது. நீங்களோ ஆசிரியரை மட்டும் புகழ்ந்துகொண்டிருந்தீர்கள்.

உங்கள் ஓவிய வகுப்பில் இன்றும் ஆலரைப் பற்றிப் பேசுகிறீர்களாம். பேசுங்கள், சித்தப்பா. கூடவே அந்தப் பாலைப் பற்றியும், படத்தைத் திரும்பப் பெறும்போது வயதாகிவிட்டிருந்த அந்தப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்