குழந்தையின் உயரத்தை ஏன் கேட்கிறோம்?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறைக்குச் சிங்கப்பூர் செல்ல முன்பதிவு செய்தவர்கள் எங்கள் படிவத்தில் புதிதாக ஒரு கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில். “பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி இருக்கிறதே, உயரம் எதற்கு?” என்று பலர் தொலைபேசியில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதிலை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறோம்.

சென்ற மே மாதம் எங்கள் மூலம் ஒரு குடும்பம் சிங்கப்பூர் சென்றது. எட்டு வயதுப் பையன் ‘மம்மி’ ரோலர் கோஸ்டரில் ஏறப்போவதாக வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். செந்தோசா தீவில் உள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவில், அந்த ரைடின் வாசலிலேயே அவனை அளவுகோலருகே நிறுத்திப் பார்த்தார்கள். 119 சென்டிமீட்டர். வேண்டியது 122. அங்கே நின்றபடியே அவனுடைய அப்பா எங்களை அழைத்தார். பையன் அழுவது பின்னால் கேட்டது. வாசலில் இருந்த ஊழியர் செய்தது முற்றிலும் சரி. சொல்லி அனுப்பியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், டிக்கெட் வயதைப் பார்க்கிறது, ரைடு உயரத்தைப் பார்க்கிறது. நான்கு முதல் பன்னிரண்டு வயது வரை சிறுவர் டிக்கெட். அதை வாங்கிவிட்டால் எல்லாவற்றிலும் ஏறலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 சென்டிமீட்டர், ஜுராசிக் பார்க் படகுக்கு 107, மம்மிக்கு 122, சிவப்பும் நீலமுமாக எதிரெதிரே பாயும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டர்களுக்கு 125 தேவை. ஆறு வயதில் 110 இருக்கும் குழந்தைக்குப் பாதிப் பூங்கா திறந்திருக்கும், மீதி மூடியிருக்கும்.

இதில் கெஞ்சிக் கேட்டுப் பயனில்லை, கேட்கவும் கூடாது. சமயபுரம் தேருக்குப் போனால் ராட்டினக்காரர் குழந்தையைத் தூக்கி அப்பா மடியில் வைத்துவிடுவார். ரோலர் கோஸ்டரில் மடிக்கு இடமில்லை. தொடைமேல் இறங்கும் கம்பியோ, தோள்வழியே இறங்கும் காப்போதான் ஒருவரை இருக்கையோடு பிடித்து வைக்கிறது. உடல் சிறியதாக இருந்தால் அந்தப் பிடி சரியாக அமையாது. திருப்பத்திலும் இறக்கத்திலும் குழந்தை நழுவிவிடலாம். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவை மாட்டி அழைத்துப் போகும் யோசனையைச் சிலர் எங்களிடமே சொன்னார்கள். தயவுசெய்து வேண்டாம். வெறுங்காலோடு சுவரோரம் நிறுத்தி, தலையில் ஒரு புத்தகத்தைச் சமமாக வைத்து அளந்து அனுப்புங்கள்.

உயரம் போதுமானால் மட்டும் போதாது. மம்மி முழுக்க இருட்டில் ஓடுவது, நடுவில் பின்னோக்கியும் பாயும். டிரான்ஸ்ஃபார்மர்ஸில் உயர வரம்பு குறைவுதான், ஆனால் முப்பரிமாணத் திரையும் இரைச்சலும் பெரியவர்களையே உலுக்கும். வெடிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தை என்றால் 102 சென்டிமீட்டரை எட்டிவிட்டது என்பதற்காக ஏற்ற வேண்டாம். எள்ளளவும் கட்டாயப்படுத்தாதீர்கள். முதல் ரைடில் மிரண்ட குழந்தை மாலை வரை எதன் பக்கமும் போகாது.

சின்னக் குழந்தைக்காக அப்பா அம்மா இருவரும் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியதில்லை. ஒருவர் குழந்தையுடன் காத்திருக்க, மற்றவர் ஏறி இறங்கியதும் முறை மாற்றிக்கொள்ளும் வசதி அங்கே உண்டு. மறுபடி முழு வரிசையில் நிற்க வேண்டாம். ரைடின் வாசலில் உள்ள ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்தத் தேதியில் போவது என்பதிலும் எங்கள் பேச்சைக் கொஞ்சம் கேளுங்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூனில் நீள்கிறது. நமக்கோ மே முழுவதும் விடுமுறை. ஆகவே மே தின விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு, மாதக் கடைசிக்கு முன்னால், வார நாளாகப் பார்த்துப் பூங்காவுக்குப் போனால் வரிசைகள் நீளம் குறைந்திருக்கும். டிக்கெட் தேதி குறித்துத்தான் தரப்படுகிறது என்பதால் பிறகு மாற்றுவது தொல்லை.

ஏப்ரல், மே மாதங்களில் அங்கே பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டும். மின்னல் அபாயம் என்றால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் காலையில் பேட்டில்ஸ்டார், ஜுராசிக் படகு போன்ற வெளி ரைடுகளை முடித்துக்கொண்டு, கூரைக்குள் இருக்கும் மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் போன்றவற்றை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். படகில் நனையாமல் வரவே முடியாது. மாற்றுடை ஒன்று பையில் இருக்கட்டும்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியாவைப் பரிந்துரைப்பது இட்லிக்காக மட்டுமல்ல. அங்கிருந்து ஹார்பர்ஃப்ரண்ட் வரை எம்ஆர்டி ரயில் மாறாமல் நேரே போகும். அங்கே விவோசிட்டி வளாகத்திலிருந்து மோனோரயில் பிடித்தால் பூங்காவுக்கு அருகிலேயே இறங்கலாம். காலையில் சைவ உணவகம் ஒன்றில் வயிறாரச் சாப்பிட்டுக் கிளம்புங்கள். பூங்காவுக்குள் வெளி உணவுக்கு அனுமதியில்லை, நம் குழந்தைகள் விரும்பும் சைவ உணவுக்குத் தேட வேண்டியிருக்கும்.

இன்னொரு மாற்றமும் செய்திருக்கிறோம். பகலில் யூனிவர்சல், அதே நாள் இரவில் நைட் சஃபாரி எனும் இரவுநேர விலங்குக் காட்சிசாலை என்று முன்பு ஒரு திட்டம் வைத்திருந்தோம். காசுக்குச் சிக்கனம் என்று பலரும் விரும்பினார்கள். ஆனால் பூங்கா சிங்கப்பூரின் தெற்கில், நைட் சஃபாரி வடக்கே மண்டாயில். நாளெல்லாம் வெயிலில் நடந்த குழந்தை டிராமில் ஏறியதும் தூங்கிவிடுகிறது. பணம் கொடுத்துத் தூங்கும் பிள்ளையைச் சுமந்துவந்த பெற்றோர் எத்தனை பேர் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டோம்.

நூறு சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள குழந்தைகள் மட்டும்தான் என்றால், யூனிவர்சலைவிட, பக்கத்து நாடான மலேசியாவின் ஜொகூரில் 2012இல் திறக்கப்பட்ட லெகோலேண்ட் மலேசியாதான் எங்கள் பரிந்துரை. அது பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை எண்ணியே கட்டப்பட்டது. மூன்று வயதுக் குழந்தைக்கே ஓட்ட ஒரு குட்டிக் கார் உண்டு. ஆனால் எல்லை தாண்ட வேண்டும். இரு பக்கமும் குடிநுழைவுச் சோதனை இருப்பதால், சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்று பார்த்த பிறகே டிக்கெட் எடுப்போம்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் உயரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறக்கூடிய ரைடுகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, விமான டிக்கெட்டோடு சேர்த்துத் தருவோம். பயணத்துக்கு இரண்டு மாதம் இருந்தால் கிளம்பும் வாரத்தில் மறுபடி ஒருமுறை அளந்து சொல்லுங்கள். அந்தப் பையன் இப்போது 123 சென்டிமீட்டர். இந்த மே மாதம் மறுபடி போகிறான்.

அன்புடன்,
உங்கள் பயண முகவர்கள்,
திருச்சி