குரலைத் தள்ளாதே, கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். தொண்டை கம்மியிருக்கிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உறுமி மேளத்தோடு பாடினாய், உன் குரல் உனக்கே கேட்கவில்லை, அதனால் இன்னும் கத்தியிருப்பாய், சரிதானே? சத்தத்துக்கு நடுவில் குரல் தானாக ஏறுவது மனித இயல்பு, 1911லேயே லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைச் சொல்லிவிட்டார், அதனால் உன்மேல் கோபமில்லை.

ஆனால் ஒன்று யோசி. நீ ஐந்து கட்டை சுருதியில் பாடுகிறவள். மேல் ஸட்ஜம், அந்த உச்ச 'ஸ' பிடிக்கும்போது உன் குரல்நாண்கள் வினாடிக்கு 392 தடவை மோதுகின்றன, பத்து வினாடி நீட்டினால் கிட்டத்தட்ட நாலாயிரம் மோதல், அதுவும் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளமே உள்ள சதையில். காற்றை அழுத்தித் தள்ளினால் ஒவ்வொரு மோதலும் அடியாக விழும். எனக்கு அப்படித்தான் குரல்நாணில் முடிச்சு வந்தது. பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் தைப்பூசத்துக்கு மூன்று நாள் தொடர்ந்து தேவாரம் பாடினேன், அப்புறம் ஆறு மாதம் உன்னைக் கூப்பிடக்கூட குரல் வரவில்லை, நீ சின்னப்பிள்ளை, அப்பா கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாய். அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

அப்போது எனக்குப் பேச்சுப் பயிற்சி தந்த சிகிச்சையாளர் காட்டியது ஒரு ஸ்ட்ரா. இங்கோ டிட்சே என்ற அமெரிக்க விஞ்ஞானி பல வருஷம் ஆராய்ந்த விஷயம். ஸ்ட்ராவை உதட்டால் இறுக்கிப் பிடித்து, 'ஊ' என்று அதன் வழியாகவே ஒலி விடு, மூக்கு வழியே காற்று கசியக் கூடாது. வழி குறுகியதால் வாய்க்குள் அழுத்தம் கூடும், அது நாண்களைக் கொஞ்சம் விலக்கி வைக்கும், மோதல் மென்மையாகும், குறைந்த காற்றிலேயே அவை எளிதாக அதிரும். முதலில் பபிள் டீக்கு வரும் தடித்த ஸ்ட்ரா, பழகியதும் ஒல்லி ஸ்ட்ரா. கீழிருந்து மேலே மெதுவாக வழுக்கி ஏறு, அப்புறம் அதே சுகத்தோடு வாயைத் திறந்து சரளி வரிசை பாடு. ஐந்து நிமிஷம் போதும்.

கம்மல் இரண்டு மூன்று வாரம் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடு, தள்ளிப்போடாதே.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறாய் அல்லவா, பட்டர்வொர்த்தில் இறங்கியதும் போன் பண்ண வேண்டாம், மெசேஜ் போடு. ஃபெர்ரி இறங்கும் இடத்தில் நிற்கிறேன்.

அப்பா