அம்மாட கழுத்துல துடிச்சது கட்டி இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்கட பேப்பர்ல சுகாதாரப் பக்கத்த நான் விடாம வாசிக்கிறனான், சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல், டெங்கு எல்லாம் வருது, ஆனா கழுத்துல இருக்கிற இரத்தக் குழாய் வளைஞ்சு மடிஞ்சு போறதப் பத்தி ஒரு வரி கூட நான் கண்டதில்ல. எங்கட வீட்டுல நடந்தத எழுதுறன், போட்டீங்க எண்டா இந்த ஊர்ல இன்னும் நாலு குடும்பம் எங்கள மாதிரி பயந்து அலையாது.

அம்மாவுக்கு 71 வயசு, நாங்க உவர்மலையில இருக்கிறம். தைப்பொங்கல் முடிஞ்ச கிழமை அம்மாவுக்குத் தலை சீவி விடக்குள்ள வலப்பக்கம் காறை எலும்புக்கு மேல, கழுத்து தொடங்குற இடத்துல, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி டிக் டிக் எண்டு துடிச்சுக்கொண்டு இருந்தது. எத்தின நாளா இது எண்டு கேட்டா, அது கிடக்கட்டும் பிள்ள, நோவு ஒண்டும் இல்ல எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போயிட்டா. பக்கத்து வீட்டு அக்கா வந்து பாத்திட்டு கழலை எண்டா, பெரியம்மா கான்சர் எண்டு சொல்லாம சொல்லி அழத் தொடங்கிட்டா, இன்னொருத்தர் எண்ணெய் போட்டு உருவுற ஒரு ஆள் இருக்கார், மூண்டு நாள் உருவினா கரைஞ்சிடும் எண்டார். அம்மா உருவப் போறதுக்கு ஓட்டோவுக்கும் சொல்லிட்டா. நல்ல காலம் நான் அண்டைக்கு லீவுல நிண்டன், மறிச்சிட்டன்.

பிறகு வெளியில காசு குடுத்து டொப்ளர் ஸ்கேன், அதாவது குழாய்க்குள்ள இரத்தம் ஓடுறதப் பாக்கிற ஸ்கேன், செய்தம். ரிப்போட்ட ஒரு என்வலப்புக்குள்ள போட்டு கையில தந்தாங்க, அவ்வளவுதான், ஒரு சொல்லு விளக்கம் இல்ல. முழுக்க இங்கிலீஸ். டோர்ச்சுவஸ், கிங்கிங் எண்டு ரெண்டு சொல்லு மட்டும் தடிச்ச எழுத்துல. இரவிரவா போன்ல தேடினா ஸ்ட்ரோக், ஒப்பரேசன், சாவு எண்டு வருது. கனடாவில இருக்கிற தம்பி உடன கொழும்புக்குக் கொண்டுபோய் வெட்டுங்க, காசு நான் அனுப்புறன் எண்டு கத்துறான். அம்மா சாமி அறைக்குள்ள போய் இருந்திட்டா. அந்த இரவ நான் மறக்க மாட்டன் ஐயா.

அடுத்த நாள் கிளினிக்ல ஒரு டொக்டர் ரிப்போட்ட வாசிச்சிட்டு முதல்ல பிரசர் பாத்தார், 178க்கு 100. குளிசை ஒழுங்கா போடுறீங்களா எண்டு கேட்டதுக்கு அம்மா தலையிடிச்சா மட்டும் போடுவன் எண்டு சொன்னா. ரெண்டு வருசமா அப்பிடித்தானாம். நாங்க ஒரே வீட்டுல இருக்கிறம், எனக்கே அது தெரியாது.

அம்மாட வீக்கம் கட்டி இல்ல, வளைஞ்சு போன இரத்தக் குழாய்தான் எண்டு அந்த டொக்டர் ஒரு கடுதாசியில கீறிக் காட்டி விளங்கப்படுத்தினத எழுதுறன். கழுத்துல ரெண்டு பக்கமும் கரோட்டிட் எண்டு பெரிய குழாய் ரெண்டு மேல போகுது, மூளைக்குப் போற இரத்தத்துல பெரும் பங்கு இதுகளாலதான் போகுது. இதுகள் கீழ நெஞ்சுக்குள்ள பெரிய குழாய்கள்ல இருந்து கிளம்புது, உள்பக்கக் கிளை மேல மண்டையோட்டு எலும்புக்குள்ளால போகுது, அப்ப ரெண்டு அந்தமும் அசையாம நிக்குது. உடுப்புக் காயப் போடுற கொடி புதுசில இழுத்துக் கட்டினா விறைப்பா நிக்கும், நாள்பட நாள்பட நீண்டு தொய்யும் தானே. அது மாதிரி குழாய்ச் சுவர்ல இருக்கிற ரப்பர் மாதிரி நார் வயசோட தேய்ஞ்சு போகுது, அதோட உள்ள பிரசர் கூட இருந்தா ஒவ்வொரு துடிப்பும் குழாயப் பிடிச்சுத் தள்ளித் தள்ளி நீட்டுது, நீண்டது போக இடம் இல்லாம வளையுது. வயசு போனா முள்ளந்தண்டு குறுகி ஆளும் கொஞ்சம் கட்டையாகிறம், கூனும் விழுது, அதால குழாய்க்கு இருக்கிற இடமும் குறையுது.

அப்ப ஆருக்கு இது கூட வருது எண்டு கேட்டன். வயசு கூடின ஆக்கள், பிரசர் உள்ள ஆக்கள், உடம்பு நிறை கூடின ஆக்கள், அதிலயும் ஆம்பிளைகள விட பொம்பிளைகளுக்குத்தான் கூட எண்டு பல ஆய்வுகள்ல வந்திருக்காம். அம்மாவ வைச்சுப் பாத்தா நாலுக்கு நாலும் சரி. வலப்பக்கம் கழுத்தடியில துடிக்குற வீக்கம் எண்டா வயசு போன, பிரசர் உள்ள பொம்பிளைகளுக்கு வாறது டொக்டர்மாருக்கு நல்லாத் தெரிஞ்ச விசயமாம், கட்டி எண்டு நினைச்சு ஊசி குத்தவோ வெட்டவோ போகாம முதல்ல ஸ்கேன் செய்யச் சொல்றது அதாலதான். எங்கட ஊர்ல இது தெரியாமத்தானே உருவப் போறாங்க.

வளைவு எல்லாம் ஒண்டு இல்ல. 1965ல வைபெல், பீல்ட்ஸ் எண்ட ரெண்டு டொக்டர்மார் இத மூண்டா பிரிச்சாங்களாம், பாம்பு மாதிரி நெளிஞ்சு போறது ஒண்டு (ரிப்போட்டுல இருந்த டோர்ச்சுவஸ் இதுதான்), ஒரு வளையமா சுருண்டு போறது ஒண்டு, ஹோஸ் பைப் மாதிரி சடார் எண்டு மடியிறது ஒண்டு (கிங்கிங் எண்டது இது). சுருண்டு போறது கன பேருக்குப் பிறவியிலயே வாறது. வயித்துக்குள்ள குழந்தை உருவாகக்குள்ள இந்தக் குழாய் வளைஞ்சுதான் இருக்காம், பிறகு இதயம் கழுத்துப் பக்கம் இருந்து நெஞ்சுக்கு இறங்க இறங்க அது இழுபட்டு நேராகுதாம், சிலருக்கு முழுசா நேராகாம நிண்டுபோகுது. இதக் கேட்டிட்டு எனக்கு மயிர் கூச்செறிஞ்சது, எங்கட உடம்புக்குள்ள எத்தின வேலை ஆரும் பாக்காம நடந்து முடியுது. பிள்ளையளுக்கு இப்பிடி இருந்து, மூட்டெல்லாம் அளவுக்கு மிஞ்சி வளைஞ்சு தோலும் இழுபட்டா மட்டும், பரம்பரையா வாற இணைப்பு நார் வருத்தம் எதுவும் இருக்கா எண்டு பாக்க வேணுமாம், அது மிச்சம் அரிது.

கன பேருக்கு இது ஒரு கரைச்சலும் குடுக்காமலே காலம் போகுது. காதுக்குள்ள நாடித் துடிப்போட சேந்து உஸ் உஸ் எண்டு கேக்கிறது சிலருக்கு இருக்கும். கூர்மையா மடிஞ்சு மேல இரத்தம் போறது குறைஞ்சா, இல்லாட்டி அந்த இடத்துல கொழுப்பும் படிஞ்சு கிடந்தாத்தான் யோசிக்க வேணும், அப்ப ஒப்பரேசன் பத்திக் கதைப்பாங்க. அம்மாவுக்கு அது தேவையில்ல எண்டிட்டார். பிரசர் குளிசைய நாளுக்கு நாள் விடாம போடோணும், உப்பக் குறைக்கோணும், நடக்கோணும், அவ்வளவுதான். வளைஞ்ச குழாய் திரும்பி நேராகாது, ஆனா பிரசர் இறங்கினா ஸ்ட்ரோக் வாற ஆபத்து குறையும் எண்டு தெளிவாச் சொன்னார்.

உப்பு எண்டதும் எனக்கு எங்கட சாப்பாடுதான் கண்ணுக்கு முன்னால வந்தது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைய எண்டு சொல்லுது, அது ஒரு சின்னத் தேக்கரண்டி. மனையாவெளிப் பக்கம் வாங்குற கருவாடு ரெண்டு துண்டும் ஊறுகாயும் அப்பளமும் எண்டா மத்தியானமே கணக்கு முடிஞ்சிடும். கருவாட்ட விடச் சொல்லி அம்மாவிட்டச் சொல்றது லேசான வேலை இல்ல, இப்ப சுடுதண்ணியில ரெண்டு தரம் ஊறப் போட்டு கிழமைக்கு ஒரு நாள் எண்டு வந்திருக்கு.

இன்னும் ரெண்டு விசயம் கட்டாயம் சொல்லோணும். ஒண்டு, கழுத்த உருவுறதும் சலூன்ல தலையப் பிடிச்சு டக் எண்டு முறிக்கிறதும் கூடாது. அப்பிடித் திருப்பக்குள்ள இரத்தக் குழாய்ட உள்சுவர் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வந்த ஆக்கள் இருக்காங்க, இளம் ஆக்களுக்கும் வந்திருக்கு, கிழிஞ்ச ஆக்கள்ல குழாய் நெளிஞ்சிருக்கிறது கூடவாக் காணப்பட்டிருக்கு. மற்றது, இந்தக் குழாய் சிலருக்கு வளைஞ்சு தொண்டைக்குப் பின்னால வந்து கிடக்கும், அதால தொண்டையில ஏதும் ஒப்பரேசன் எண்டா இந்த ரிப்போட்ட முதலே டொக்டருக்குக் காட்டுங்க.

வாய் ஒரு பக்கம் கோணினா, ஒரு கை விறைச்சு விழுந்தா, கதை குழறினா, ஒரு கண் திடீரெண்டு இருட்டினா 1990க்கு அடியுங்க, அம்புலன்சுக்குக் காசு குடுக்கத் தேவையில்ல. பத்து நிமிசத்துல தன்பாட்டுல சரியாயிட்டு எண்டு வீட்டுல படுக்க வேணாம், அதுதான் பெரிய ஸ்ட்ரோக்குக்கு முதல் வாற எச்சரிக்கை. இரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசிக்கு, இந்த அறிகுறி தொடங்கின நேரத்துல இருந்து நாலரை மணித்தியாலம்தான் கணக்கு, மூதூர்ல இருந்தும் குச்சவெளியில இருந்தும் வாற ஆக்களுக்கு அந்த நேரத்துல எவ்வளவு ரோட்டுலயே போகும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

எனக்கு இருக்கிற கோவம் அந்த என்வலப்புலதான். ஸ்கேன் செய்யிற இடங்கள் ரிப்போட்டோட தமிழ்லயும் சிங்களத்துலயும் பாதிப் பக்கத்துல, இது என்ன, உடன ஓட வேணுமா, ஆரிட்டக் காட்டோணும் எண்டு எழுதிக் குடுத்தா என்ன குறைஞ்சு போகும். அந்தப் பாதிப் பக்கம் இல்லாததால அம்மா ஒரு இரவு முழுக்க செத்துப் பிழைச்சா. காசும் தைரியமும் இல்லாத வீடுகள்ல அந்த ரிப்போட் பெட்டிக்குள்ள போயிடும், பிரசரும் பாக்காமலே போயிடும். கோயில் திருவிழா, பள்ளிவாசல், சேர்ச் எண்டு சனம் கூடுற இடத்துல ஒரு மேசையும் பிரசர் மெசினும் வைச்சாலே எத்தின பேருட 178 வெளியில வரும்.

உங்களிட்ட ஒரு வேண்டுகோள். சுகாதாரப் பக்கத்துல இத ஒரு நாள் முழுசாப் போடுங்க, படத்தோட. நேரான குழாய், நெளிஞ்சது, சுருண்டது, மடிஞ்சது எண்டு நாலையும் பக்கத்துல பக்கத்துல கீறி, எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போடுங்க. அம்மா இப்ப கிளினிக் கொப்பிக்குள்ள அந்த டொக்டர் கீறின கடுதாசிய மடிச்சு வைச்சிருக்கா, வாற போற எல்லாருக்கும் அதக் காட்டுறா, அது இப்ப மடிப்புல கிழியத் தொடங்கிட்டு.

இப்படிக்கு,
உவர்மலை வாசகி,
திருகோணமலை