முதலும் மூன்றும் மட்டும் போதுமா? ஊட்டி இன்டியானா ஜோன்ஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளுக்கும், அந்தக் கூட்டத்தில் வாய் திறக்க இடம் கிடைக்காத தங்கைகளுக்கும்,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். சீசன் கூட்டம் மலை இறங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹால் பிடித்து தொல்பொருள் பேராசிரியர் ஒருவரின் சாகசக் கதைகளான இன்டியானா ஜோன்ஸ் படங்களைப் போடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனால் ஐந்து படங்களில் 1981-இல் வந்த முதல் படமும் 1989-இல் வந்த மூன்றாம் படமும் மட்டும்தான் என்று முடிவாகிவிட்டதாம். மற்ற மூன்றையும் ஆளுக்கொரு காரணம் சொல்லித் தள்ளிவிட்டீர்கள். ரெண்டாவது நம்மைக் கேவலப்படுத்துகிறது. நாலாவதில் ஃபிரிட்ஜும் வேற்றுக்கிரகவாசியும். அஞ்சாவதில் ஹீரோவுக்கு வயசாகிவிட்டது.

இந்த முடிவை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். சேரிங் கிராஸ் டீக்கடையில் நீங்கள் போடும் சத்தத்துக்கு நடுவில் இதை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாது.

உங்கள் கோபம் அதிகமாக இருப்பது நாலாம் படத்தின் மேல்தான், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வந்தது 2008-இல், கதை நடப்பது 1957-இல். நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டு சோதனைக்கென்று கட்டிவைத்த பொம்மை ஊருக்குள் மாட்டிக்கொள்ளும் ஹீரோ, ஈயம் பூசிய ஃபிரிட்ஜுக்குள் புகுந்துகொள்கிறார். குண்டு வெடிக்கிறது, ஃபிரிட்ஜ் எங்கோ பறந்துபோய் விழுகிறது, கதவைத் திறந்துகொண்டு எழுந்து நடக்கிறார். "லாஜிக் எங்கண்ணா?" என்று கேட்கிறீர்கள். இதே மனிதர் ரெண்டாம் படத்தில் ஓடும் விமானத்திலிருந்து ரப்பர் படகோடு பனிமலையில் குதித்து, சறுக்கி, பாறை விளிம்பிலிருந்து ஆற்றில் விழுந்து, தொப்பி கழன்றுபோகாமல் கரையேறுகிறார். அதற்கு விசில் அடித்தவர்கள்தானே நீங்கள்? முப்பதுகளில் நடக்கிற கதைகளுக்கு அந்தக் காலத்து வாராந்திர சாகசத் தொடர்களின் வாடை இருக்கவேண்டும், ஐம்பதுகளில் நடக்கிற கதைக்கு அந்தக் காலத்து மலிவு விலை விண்வெளிப் படங்களின் வாடை இருக்கவேண்டும் என்பது இந்தப் படங்களின் கதையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் எண்ணம். பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அது உங்கள் ருசி. ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லாதீர்கள்.

அஞ்சாவதைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு இல்லை. 2023-இல் அது வெளிவந்தபோது ஹாரிசன் ஃபோர்டுக்கு எண்பது வயது. ஆரம்பத்தில் கம்ப்யூட்டரை வைத்து அவர் முகத்தை இளமையாக்கிக் காட்டும் பகுதி எனக்கும் ஒட்டவில்லை. முகம் ஒரு வயது, குரல் இன்னொரு வயது. ஆனால் 1969-இல், நிலவுக்குப் போய் வந்தவர்களை ஊரே கொண்டாடும்போது, ரிட்டயர் ஆகும் நாளில் யாரும் கண்டுகொள்ளாத வாத்தியாராக அவர் வந்து நிற்கிறாரே, அதற்காகவே போடலாம். உங்களுக்கு நாற்பது தாண்டட்டும், பேசுவோம்.

ரெண்டாவதுக்கு வருகிறேன்.

1984. நீங்கள் சொல்லும் குற்றச்சாட்டு எல்லாமே உண்மை. ஸ்க்ரிப்டைப் படித்துவிட்டு, இப்படியே எடுப்பதென்றால் அனுமதி இல்லை, மாற்றவேண்டும் என்று இந்திய அரசு சொன்னது. அவர்கள் மாற்றவில்லை, இலங்கைக்குப் போனார்கள். கண்டிப் பக்கத்தில் செட் போட்டு, அதை இந்தியக் கிராமம் என்றார்கள். காதைத் தீட்டிக் கேட்டால் அந்த "இந்திய" ஊர்க்காரர்கள் பேசிக்கொள்வது சிங்களம். அரண்மனை விருந்தில் உயிருள்ள பாம்பு, வண்டு, கண் மிதக்கும் சூப், கடைசியாகக் குரங்கு மூளை. காளியைக் கும்பிடுகிறவன் என்றால் நெஞ்சைப் பிளந்து இதயத்தைப் பிடுங்குகிறவன் என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். அந்த வில்லன் பூசாரியாக நடித்த அம்ரிஷ் பூரி வேடத்துக்காக மொட்டை அடித்தவர்தான், பிறகு அதுவே அவருடைய அடையாளமாகிவிட்டது. வானத்தில் வௌவால்கள் கூட்டமாகப் பறக்கும்போது, அதெல்லாம் ரத்தம் குடிக்கும் வௌவால் என்று ஹீரோ விளக்கம் வேறு கொடுக்கிறார். ரத்தம் குடிக்கும் வௌவால் இருப்பது மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவிலும். படத்தில் பறப்பது நம் மலையடிவாரத்துத் தோப்புகளில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி. பேராசிரியராம்!

அதே 1984-இல்தான் டேவிட் லீன் இயக்கிய 'எ பாசேஜ் டு இந்தியா'வும் வந்தது. அதில் குகைக்குப் போகும் ரயில் நம்முடைய மலை ரயில். அரண்மனை விருந்தில் திவானாக உட்கார்ந்திருக்கும் ரோஷன் சேத், அந்தப் படத்தில் வக்கீலாக வருகிறார். ஆகவே, வெள்ளைக்காரன் எடுத்தாலே அரசாங்கம் முட்டுக்கட்டை போட்டது என்ற பேச்சு செல்லாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இந்தப் படத்தைப் போடுங்கள் என்று ஏன் கேட்கிறேன்?

கிளைமாக்ஸ் முடிந்தபிறகு என்ன நடக்கிறது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். தொங்குபாலம் அறுந்து, முதலைகள் தின்றது போக, ஹீரோ கையில் ஒரே ஒரு சங்கரக் கல், அந்தக் கிராமத்திலிருந்து திருடிப்போன புனிதக் கல், மிஞ்சுகிறது. அதை அவர் எங்கே கொண்டுபோகிறார்? அமெரிக்காவுக்கு இல்லை. எந்த ஊரிலிருந்து போனதோ அந்த ஊருக்கே நடந்துபோய், பெரியவர் கையில் கொடுக்கிறார். நீயே வைத்திருக்கலாமே என்று கூட வந்தவள் கேட்கும்போது, எதற்கு, மியூசியத்தில் போடுவார்கள், தூசி படிந்து கிடக்கும் என்கிற மாதிரி ஒரு பதில்.

இப்போது நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டையும் பாருங்கள். முதல் படம் தொடங்குவதே, பெரு நாட்டுக் காட்டுக்கோயிலிலிருந்து தங்கச் சிலையை அவர் தூக்கிக்கொண்டு ஓடுவதில். அந்த மண்ணின் மக்கள் அம்போடு துரத்துகிறார்கள். நாம் துரத்தப்படுகிறவன் பக்கம் நின்று படபடக்கிறோம். படம் முடியும்போது, அவர் தேடிக் கண்டுபிடித்த பைபிள் காலத்துப் பேழை அமெரிக்க அரசாங்கத்தின் கிடங்கில், ஆயிரம் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பெட்டியாகப் போய்விடுகிறது. மூன்றாம் படத்தில், சின்னப் பையனாக இருக்கும்போதே ஒரு சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு, இது மியூசியத்தில் இருக்கவேண்டியது என்கிறான். எந்த மியூசியம், யாருடைய மியூசியம் என்று யாரும் கேட்பதில்லை.

நாலாவது? நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கும் அந்தப் படத்தின் கதையே, எடுத்த பளிங்கு மண்டையோட்டை எடுத்த இடத்தில் திரும்பக் கொண்டுபோய் வைப்பதுதான். அதாவது, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் சேர்க்கும் இரண்டு படங்களைத்தான் நீங்கள் தள்ளிவைத்திருக்கிறீர்கள்.

இதெல்லாம் சினிமா, நமக்கென்ன என்று கேட்கலாம். வேறு ஊர்க்காரர்கள் கேட்டால் சரி. நீலகிரிக்காரர் கேட்கலாமா?

நம் மலை மேடுகளில் இருக்கும், பழங்காலத்து ஈமச் சின்னங்களான கல்வட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். சிலர் அதன்மேல் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரித்திருப்பீர்கள். நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் அவற்றில் பலவற்றைத் திறந்தார். அவர் எழுதியது, அவர் இறந்தபிறகு 1873-இல் புத்தகமாக வந்தது. ஊட்டியில் அவர் பெயரில் பள்ளிக்கூடமே இருக்கிறது, உங்களில் பாதிப்பேர் அதன் வாசலைத் தாண்டித்தான் தினமும் போகிறீர்கள். அந்தக் குழிகளிலிருந்து வந்த மண்பாண்டங்களின் மூடிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பிடி இருக்கவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு உருவம் உட்கார்ந்திருக்கும், எருமை, குதிரை என்று. மண்ணை விரலால் கிள்ளி ஒட்டியதுபோல, அவசரமாகச் செய்தது மாதிரியும் இருக்கும், கொஞ்சிச் செய்தது மாதிரியும் இருக்கும். தோடர் குடியிருப்பான மந்துப் பக்கம் இன்றைக்கும் எருமை மேய்கிற மலையிலிருந்து போனவை அவை. வெண்கலக் கிண்ணங்களும் தங்க நகைகளும்கூடக் கிடைத்தன. நிறையப் பொருள்கள் சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. சில லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில்.

அதே லண்டன் மியூசியத்தில் ஒரு பளிங்கு மண்டையோடும் உண்டு. 1897-இல் பழங்காலத்து மெக்சிகோப் பொருள் என்று நம்பி வாங்கினார்கள். நாலாம் படம் வந்த 2008-இலேயே வெளியான ஆய்வு, கருவித் தடங்களை நுண்ணோக்கியில் பார்த்து, இது பின்னாளில் சக்கரம் வைத்துத் தீட்டிய போலி என்று காட்டிவிட்டது. போலி மண்டையோட்டுக்கு உலகம் முழுக்கப் பெயர். அசலான நீலகிரிக் கிண்ணத்தைப் பற்றி ஊட்டியில் கேட்டால், "அப்படியா அக்கா?" என்கிறீர்கள்.

எல்லாவற்றையும் நாளைக்கே லாரியில் ஏற்றிக் கொண்டுவா என்று நான் சொல்லவில்லை. எழும்பூரில் இருந்ததால்தான் பத்திரமாக இருக்கிறது என்பவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மண்ணுக்குப் பக்கத்திலேயே வைக்க முடியும் என்பதற்கு உதாரணங்களும் இருக்கின்றன. பழனி மலையில் பழங்காலக் கல்லறைகளான கற்திட்டைகளை ஆராய்ந்த பாதிரியார்கள் கொடைக்கானல் செண்பகனூரில், மலைமேலேயே, ஒரு மியூசியம் வைத்திருந்தார்கள். கீழடியில் எடுத்தது கீழடியிலேயே என்று 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். நீங்களே வேன் பிடித்துப் போய் வந்தீர்களே, போட்டோ எல்லாம் பார்த்தேன்.

அதனால் ரெண்டாவதைப் போடுங்கள். குரங்கு மூளைக் காட்சி வரும்போது தாராளமாகக் கூச்சல் போடுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். படம் முடிந்ததும் அரைமணி நேரம் விளக்கைப் போட்டு, கோபப்பட்டவர்களையும் பேசவிடுங்கள், ரசித்தவர்களையும் பேசவிடுங்கள். கல்லைத் திருப்பிக் கொடுக்கும் காட்சியைப் பற்றி யாராவது ஒருத்தர் பேசவேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். நாலாவது பிடிக்கும் என்று சொன்ன அந்தக் குன்னூர்ப் பையனைக் குழுவை விட்டுத் தூக்கியதாகவும் கேள்வி. அவனைத் திரும்பச் சேருங்கள். இது கட்சி இல்லை.

ஐந்தையும் ஒரே நாளில் போட முடியாது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், பத்து மணி நேரத்துக்கு மேல் போகும். இரண்டு ஞாயிறாகப் பிரியுங்கள். அஞ்சாவது மட்டுமே 154 நிமிஷம். அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளினால் கோத்தகிரிக்காரர்கள் கடைசி பஸ்ஸை விடவேண்டிவரும். காலையிலேயே ஆரம்பியுங்கள். ஹால் வாடகையில் என் பங்கு எவ்வளவு என்று சொல்லி அனுப்புங்கள், வர்க்கி நான் வாங்கிவருகிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து உங்கள் அக்கா