நீர் போன ஏரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

போன ஞாயிறு குழந்தைகளோடு விக்சம் ஏரிக்குப் போய் வந்தோம். இதே மிச்சிகன்தான், இரண்டு மணி நேரம் காரில். வழியெல்லாம் மக்காச்சோளக் காடு. ஏரியில் தண்ணீர் இல்லை. நடுவில் டிட்டபவாசி ஆறு மட்டும் தன் பழைய தடத்தில் ஓடுகிறது. 2020 மே 19-ஆம் தேதி பெருமழையில், இந்த ஏரியைத் தேக்கி வைத்திருந்த ஈடன்வில் அணையின் மண்கரை சரிந்து அத்தனை தண்ணீரும் போய்விட்டது. கீழே இருந்த சான்ஃபோர்டு அணையும் தாங்கவில்லை. பத்தாயிரம் பேரை முன்கூட்டியே வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை. ஈடன்வில்லில் தண்ணீர் கரைமேல் ஏறி வழியவே இல்லையாம் அப்பா. நீரில் ஊறிய மண் குழம்பாக இளகிச் சரிந்திருக்கிறது.

வீடுகளின் பின்புறம் படகுத்துறைகள் அப்படியே நிற்கின்றன. தண்ணீருக்குள் இறங்க வைத்த இரும்பு ஏணி ஒன்று, தரையைத் தொடாமல் என் தலைக்கு மேல் தொங்கியது. அந்தக் காலத்தில் மரங்களை வெட்டிவிட்டுத் தண்ணீர் தேக்கியிருக்கிறார்கள். அடிக்கட்டைகள் வரிசையாக வெளியே தெரிகின்றன. சின்னவள் கை நிறைய கிளிஞ்சல் பொறுக்கினாள். வெடித்துக் கிடந்த மண்ணை நான் கையில் எடுத்து நொறுக்கிப் பார்த்தேன். நீங்களாக இருந்தால் முதலில் அதைத்தான் செய்திருப்பீர்கள். நம் பக்கம் என்றால் இந்நேரம் டிராக்டர் வைத்து வண்டல் அள்ளி வயலுக்கு அடித்திருப்பார்கள்.

கரையில் வீடு வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. டேமைப் பற்றிச் சொன்னேன். 2017 நவம்பர் 29 அன்று முதல் ஷட்டர் உடைந்ததும், உங்கள் பைக்கில் பின்னால் உட்கார்ந்து காவேரிப்பட்டணத்திலிருந்து நான் வந்ததும் நினைவிருக்கிறதா? 52 அடி டேம். ஷட்டரை மாற்ற 32 அடி வரை தண்ணீரை விட வேண்டியதாயிற்று. நீங்கள் பாலத்தோரம் நின்று, "இன்னொரு போகத்துக்கான தண்ணி போகுதுடா" என்று மட்டும் சொன்னீர்கள். வீடு வரும்வரை பேசவில்லை. எனக்கு அன்று அது முழுதாக விளங்கவில்லை. அந்தப் பெரியவர் வெற்றுத் தரையைக் காட்டி, "இங்கேதான் என் பேரனுக்கு நீச்சல் பழக்கினேன்" என்றபோது உங்கள் முகம்தான் கண்முன் வந்தது.

ஈடன்வில் அணையைத் திரும்பக் கட்டுகிறார்கள். செலவில் ஒரு பங்கு கரையோர வீட்டுக்காரர்கள் தலையில்தான் விழுகிறது.

இப்போது டேமில் எத்தனை அடி இருக்கிறது? வாய்க்காலில் விட்டார்களா? நாற்று விட்டாயிற்றா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்பு மகன்