படத்துடன் வால் எண்ணும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் விமானப்படையின் பழைய விமானங்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த படத்தொகுப்பை ஆர்வத்துடன் பார்த்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் எந்தப் படத்தின் கீழும் விமானத்தின் வகையோ, வால் எண்ணோ (அந்த ஒரு விமானத்துக்கே உரிய அடையாள எண்), அது நிற்கும் இடமோ இல்லை. ‘பழைய போர் விமானம்’ என்ற சொற்களே திரும்பத் திரும்ப வந்தன. பல ஆண்டுகளாக இவ்விமானங்களைப் படமெடுத்து, பள்ளிகளிலும் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களிலும் திரையிட்டு வருபவன் என்ற முறையில் இது எனக்கு வருத்தம் தந்தது.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். குர்ட் டாங்க் என்ற ஜெர்மானியப் பொறியாளரின் தலைமையில் இந்தியாவிலேயே உருவாகி, 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்த மாருத் என்ற போர் விமான வகையில் ஒன்று, விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல்.-இன் பெங்களூரு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் மூக்கு எடுப்பாகத் தெரியவேண்டும் என்று மிக அருகில் நின்று எடுத்ததில் வால் விடுபட்டுப் போயிற்று. அந்தப் படத்தைத் திரையிட்ட அன்று, விமானப்படையில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து, “தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க, நம்பர் என்ன?” என்று கேட்டார். ஒரு படத்துக்கு நான்கு வினாடி என்று அமைத்திருந்ததால் அதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது. பின்னால் போய்க் காட்டியபோதும் எண் இருக்கவேண்டிய இடம் படத்தில் இல்லை. தன் கைபட்ட விமானமா என்று அறிய அவருக்கு இருந்த ஒரே வழியை நான் அடைத்துவிட்டேன்.

எண்ணை மட்டும் போட்டாலும் போதாது. 2018-இல் விமானப்படைக்குக் கிடைத்த ‘பரசுராமா’ என்ற டகோட்டா வகைப் போக்குவரத்து விமானத்தின் மீது வி.பி. 905 என்று எழுதியிருக்கிறது. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவின் வீரர்களை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கிய டகோட்டாவின் நினைவாக இட்ட எண் அது. இப்போது பறப்பது பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்ட வேறொரு விமானம். இந்த ஒரு வரி இல்லாவிட்டால், பார்க்கும் மாணவன் இதுவே ஸ்ரீநகரில் இறங்கிய விமானம் என்று மனத்தில் பதித்துக்கொள்வான்.

டகோட்டாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். பறக்கும்போது 1/2000 வினாடியில் எடுத்தால் புரொப்பெல்லர் அசையாமல் நின்று, எஞ்சின் அணைந்த விமானம் வானத்தில் தொங்குவதுபோல் இருக்கும். ஷட்டர் வேகத்தை 1/160 அளவுக்குக் குறைத்து, விமானத்தின் போக்கிலேயே கேமராவையும் திருப்பினால் பெரும்பாலான படங்கள் கலங்கிப்போகும். தேறும் ஒன்றிரண்டில்தான் அந்தச் சுழற்சி தெரியும். தங்கள் தொகுப்பில் இருந்த டகோட்டா படம் அப்படித் தேறிய ஒன்று, எடுத்தவரின் பொறுமையை வணங்குகிறேன்.

பின்னர் நான் மறுபடியும் பெங்களூரு சென்று, மாருத்தைப் பக்கவாட்டில் முழுமையாக எடுத்து வந்து, தானாக நகரும் அமைப்பை நிறுத்திவிட்டுத் திரையிட்டேன். பெரியவர் எண்ணைப் பார்த்ததும், “இது நான் வேலை பார்த்தது இல்லை” என்றார். ஆனாலும் அதன் இரண்டு ஆர்ஃபியஸ் எஞ்சின்களைக் கழற்றி மாட்டும் விதத்தை அரைமணி நேரம் பிள்ளைகளுக்கு விளக்கினார்.

அருள்கூர்ந்து, வெளிவந்த அதே படங்களுக்கான வகை, எண், இடம், எடுத்த ஆண்டு ஆகியவற்றை அடுத்த இதழில் ஒரு பக்கமாகவாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர், ஓசூர்.